ஜன்னலோரத்து உசம்பாரா

மாட்டுங்காவில் கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஒரு பழைய மூன்று மாடிக் கட்டடம். லிஃப்ட் கிடையாது. இரண்டாவது மாடியில் கிழக்குப் பார்த்த ஒரு ஜன்னல், அதில் பதினான்கு குட்டித் தொட்டிகள். அந்த வீட்டு மாமி என் மனைவிக்குத் தூரத்து உறவு. பாலக்காட்டுக்காரர், வயது எண்பத்து நாலு. நான் இந்த ஊருக்கு வேலைக்கு வந்த புதிதில் மாமி வீட்டுச் சாப்பாட்டை வைத்துத்தான் செம்பூரில் வாடகை வீடு தேடினேன் என்பதால் அவரிடம் எனக்கு ஒரு நன்றிக்கடன் உண்டு.

அந்தக் கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டப் போகிறார்கள். மாமி சிங்கப்பூரில் இருக்கும் மகனிடம் போகிறார். மாதக் கணக்காகப் பாத்திரம், புத்தகம், பூஜைப் படம் எல்லாம் ஆளாளுக்குப் பிரித்துக் கொடுத்து முடித்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டார்.

"பாத்திரமெல்லாம் ஆரு வேணும்னாலும் எடுத்துக்கலாம். இதை மட்டும் ஆருக்காவது குடுத்தா ஒரு மாசத்துல தண்ணி விட்டே கொன்னுடுவா. நீதான் கூகுள்ல படிப்பியே, நீ எடுத்துண்டு போ."

இப்படித்தான் பதினான்கு ஆப்பிரிக்கன் வயலட் செடிகள் என் தலையில் வந்து விழுந்தன. அதுவரை எனக்குச் செடி என்றால் துளசி, கற்றாழை, மனைவி வளர்க்கும் ஒரு மணி பிளாண்ட். அவ்வளவுதான் ஞானம் :-)

பதினான்கில் பன்னிரண்டு சாதாரண ஊதா. ஒன்று வெள்ளை ஓரம் வைத்த ஊதா. கடைசியாக ஒன்றுதான் விஷயம். அதன் பூவில் ஒவ்வொரு இதழிலும் நடுவில் பட்டையாக ஒரு நிறம், ஓரத்தில் வேறு நிறம். திருவிழாவில் விற்கும் காற்றாடி மாதிரி இருக்கும். பல வருடங்களுக்கு முன் மாமியின் தங்கை பெங்களூர் லால்பாக் மலர்க் கண்காட்சிக்குப் போனபோது வாங்கி வந்தது. பெயர் எழுதிய சீட்டு எப்போதோ தொலைந்துவிட்டது. "மத்ததெல்லாம் எலை போட்டா வரும். இது மட்டும் எலை போட்டா அப்பன் மாதிரி வராது. பத்து தடவை போட்டாச்சு, வெறும் ஊதாதான் வந்துது" என்றார். ஏன் அப்படி என்று தெரிந்துகொள்ளத்தான் படிக்க ஆரம்பித்தேன். படித்தது கிழக்கு ஆப்பிரிக்கா வரை இழுத்துக்கொண்டு போய்விட்டது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். வயலட் என்று பெயர் இருந்தாலும் ஐரோப்பியக் கவிஞர்கள் உருகி உருகி எழுதிய வயலட்டுக்கும் இதற்கும் உறவே இல்லை. பூவின் நிறத்தைப் பார்த்து வைத்த பெயர். இதன் சொந்த ஊர் இன்றைய தான்சானியாவில் உள்ள உசம்பாரா மலைகளும் அவற்றை ஒட்டிய காடுகளும். பாறை இடுக்கில், மர நிழலில், ஈரக் காற்றில் வளரும் சிறு செடி. ஜெர்மானியர்கள் இன்றும் அதை 'உசம்பாரா வயலட்' என்றுதான் சொல்கிறார்கள். ஊர்ப் பெயரை மறக்காத அந்த வழக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது.

பம்பாய்க்கும் இந்தக் கதைக்கும் ஒரு மெல்லிய நூல் இருக்கிறது. உசம்பாராவுக்கு எதிரே கடலில் ஸான்ஸிபார் தீவு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்தத் தீவின் வியாபாரத்தில் பெரும்பகுதி பம்பாயோடும் கட்ச் பக்கத்து வணிகர்களோடும் நடந்தது. நம் ரூபாய் அங்கே புழங்கியது. பிரிட்டிஷ் பிரதிநிதியின் அலுவலகமே கொஞ்ச காலம் பம்பாய் அரசாங்கத்தின் கீழ் இருந்தது. அந்த அலுவலகத்துக்கு 1866-ல் மருத்துவராக வந்து, பிறகு கான்சல் பதவி வரை உயர்ந்தவர் ஜான் கிர்க். செடிப் பைத்தியம். அவர் 1884-ல் இந்தச் செடியின் மாதிரிகளை லண்டன் கியூ தோட்டத்துக்கு அனுப்பினார். 1887-ல் டெய்லர் என்ற பாதிரியாரும் அனுப்பினார். இரண்டும் காய்ந்த மாதிரிகள், ஒழுங்கான நிலையில் இல்லை. கியூவில் யாரும் அவற்றுக்குப் பெயர் வைக்கவில்லை. அலமாரியில் தூங்கின. ஃபைல் மேஜைக்கு வந்தும் நகராமல் கிடப்பது நம் ஊருக்கு மட்டும் உரிய விசேஷம் இல்லை என்று ஓர் ஆறுதல்.

அந்த இடைவெளியில் நாடு கைமாறியது. 1880-களில் ஐரோப்பிய நாடுகள் ஆப்பிரிக்காவை வரைபடத்தில் கோடு கிழித்துப் பிரித்துக்கொண்டபோது உசம்பாரா ஜெர்மனியின் பங்கில் விழுந்தது. தாங்கா பகுதி ஜெர்மானிய அதிகாரி வால்டர் வான் செயின்ட் பால் இலேர். 1892 வாக்கில் அவர் இந்தச் செடியைக் 'கண்டுபிடித்தார்'. இந்தச் சொல்லை எழுதும்போது கை தயங்குகிறது. ஷம்பா மக்கள் அந்த மலைகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள். நம் வீட்டுக் கொல்லையில் நிற்கும் செடியை யாரோ வந்து கண்டுபிடித்ததாகச் சொன்னால் நமக்கு எப்படி இருக்கும்? சரி, ஐரோப்பாவுக்குத் தெரியப்படுத்தினார் என்று வைத்துக்கொள்வோம்.

அவர் அனுப்பியது சிலேசியாவில் இருந்த தன் அப்பாவுக்கு. அந்த இடம் இன்று போலந்தில் இருக்கிறது. தோட்டப் பிரியரான அப்பா அதை ஹானோவர் நகரத்து ஹெரன்ஹாவுசன் தோட்டத்தின் தலைவர் ஹெர்மன் வெண்ட்லாண்டிடம் கொடுத்தார். 1893-ல் வெண்ட்லாண்ட் செடிக்கு செயின்ட்பாலியா அயனாந்தா என்று பெயர் சூட்டினார். முதல் பாதி அந்த அப்பா, மகன் குடும்பப் பெயர். இரண்டாம் பாதிக்குக் கிரேக்கத்தில் 'வயலட் போன்ற பூ' என்று பொருள். அதே வருடம் பெல்ஜியத்தில் கென்ட் நகரத்துக் கண்காட்சியில் காட்டினார்கள். எர்ஃபுர்ட் நகரத்து விதை வியாபாரி எர்ன்ஸ்ட் பெனாரியின் கம்பெனி விதை விற்கத் தொடங்கியது. கியூவுக்கு ஒன்பது வருடங்களாகத் தோன்றாத யோசனை, விதை வியாபாரிக்கு ஒரே வருடத்தில் தோன்றிவிட்டது.

அதே சமயத்தில் உசம்பாராவில் என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1890-களில் ஜெர்மானியர்கள் அங்கே காட்டை வெட்டிக் காப்பி போட்டார்கள். காப்பி எதிர்பார்த்த அளவுக்குப் போகவில்லை. 1902-ல் அமானி என்ற இடத்தில் பெரிய விவசாய ஆராய்ச்சி நிலையம் வந்தது. பிறகு தேயிலை வந்தது. வால்பாறை, மூணாறு பார்த்தவர்களுக்கு இந்த வரிசையை விளக்க வேண்டியதில்லை. ஒரு பக்கம் பெர்லின் ஜன்னல்களில் செடி பெருகிக்கொண்டிருக்க, இன்னொரு பக்கம் அதன் காடு துண்டு துண்டாகிக்கொண்டிருந்தது. 1997-ல் அமானி இயற்கைக் காப்பகம் அமைத்தார்கள். அப்படியும் காட்டு வகைகளில் பல இன்று அழியும் ஆபத்தில் உள்ளவை என்று சிவப்புப் பட்டியலில் இருக்கின்றன. லட்சக்கணக்கான வீடுகளில் வாழும் ஒரு செடிக்குச் சொந்த ஊரில் இடம் சுருங்கிப் போனது. (ஊரை விட்டு வந்து பிழைக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு இதைப் படிக்கும்போது லேசாக ஏதோ செய்யும். எனக்குச் செய்தது.)

அடுத்த அத்தியாயம் அமெரிக்கா. 1926-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஆர்மகோஸ்ட் அண்ட் ராய்ஸ்டன் என்ற நர்சரி, ஜெர்மனியின் பெனாரியிடமிருந்தும் இங்கிலாந்தின் சட்டன்ஸிடமிருந்தும் விதை வாங்கி ஆயிரம் நாற்றுகள் போலப் போட்டது. அவற்றில் நன்றாக வந்ததை மட்டும் வடிகட்டி வடிகட்டிக் கடைசியில் பத்தை வைத்துக்கொண்டார்கள். ப்ளூ பாய், வைக்கிங், நெப்டியூன், அட்மிரல் என்று பெயர்கள். அந்தப் பத்திலிருந்துதான் இன்று கடையில் பார்க்கும் பெரும்பாலான செடிகளின் வம்சாவளி தொடங்குகிறது. அதிலும் ப்ளூ பாய் ஒரு விசித்திரமான செடி. சும்மா இலை போட்டு வளர்க்கும்போதே திடீரென்று வேறு மாதிரிப் பிள்ளை பெறும். அடுக்கு இதழ், இளஞ்சிவப்புப் பூ என்றெல்லாம் அதிலிருந்து வந்தன. 1941-ல் இலையின் அடியில் வெள்ளைப் புள்ளியோடு ஒன்று வந்தது. அதற்கு ப்ளூ கேர்ள் என்று பெயர் வைத்தார்கள். அதனால் இன்றும் சாதாரண இலையை ஆண் இலை, வெள்ளைப் புள்ளி இலையைப் பெண் இலை என்பார்கள். ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. வெறும் பெயர்தான்.

1946-ல் அட்லாண்டாவில் ஒரு கண்காட்சி. அதைத் தொடர்ந்து அமெரிக்க ஆப்பிரிக்கன் வயலட் சங்கம் பிறந்தது. உலகம் முழுக்கப் புதிய வகைகளுக்குப் பெயர் பதியும் பொறுப்பு இன்றும் அதனிடம்தான். ஆயிரக்கணக்கான பெயர்கள் பதிவாகியிருக்கின்றன. அந்தப் பட்டியலை மாமியின் காற்றாடிக்காக மூன்று இரவுகள் துழாவினேன். அதே ஜாடையில் பல வகைகள் இருக்கின்றன. பெயர்ச் சீட்டு போனால் போனதுதான். பூவைப் பார்த்துப் பெயர் சொல்வது, மூக்கைப் பார்த்து இன்னார் பேரன் என்று சொல்வது போல. ஊகிக்கலாம், சத்தியம் பண்ண முடியாது.

ஒரு கிளைக்கதை. 1984 ஏப்ரலில் சேலஞ்சர் விண்ணோடம் ஒரு பெரிய ஆராய்ச்சிக் கலத்தை விண்வெளியில் விட்டு வந்தது. ஆப்டிமாரா என்ற பெயரில் வயலட் வளர்க்கும் ஹோல்ட்காம்ப் கம்பெனியின் 25,000 விதைகள் அதில் இருந்தன. ஒரு வருடத்தில் திரும்ப எடுத்து வருவதாகத்தான் திட்டம். தள்ளிப் போயிற்று. 1986-ல் அதே சேலஞ்சர் விபத்தில் சிதறியது. கலத்தை 1990 ஜனவரியில்தான் கொண்டுவந்தார்கள். கிட்டத்தட்ட ஆறு வருடம் பூமியைச் சுற்றிய விதைகளை மண்ணில் போட்டுச் சில வகைகளை 'ஸ்பேஸ் வயலட்' என்று விற்றார்கள். மாமியிடம் சொன்னேன். "ஆகாசத்துக்குப் போயிட்டு வந்துதா? என் பையனே ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான் வரான்" என்றார்.

நிற்க. காற்றாடிக்கு வருவோம்.

வயலட்டின் பெரிய சௌகரியம், ஒரே ஓர் இலையிலிருந்து முழுச் செடி வரும் என்பது. காம்பை ஓர் அங்குலம் விட்டுச் சாய்வாக வெட்டி, ஈரமான தேங்காய் நார்த்தூளில் செருகி, மேலே ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்துவிட்டால் ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில் வேர் விடும். இரண்டு மூன்று மாதத்தில் குட்டி இலைகள் எட்டிப் பார்க்கும். உலகம் முழுக்க இந்தச் செடி பரவியதே இந்த ஒரு குணத்தால்தான். தபால் உறையில் ஓர் இலையை வைத்து அனுப்பலாம். மாமிக்கு முதல் செடி வந்ததும் அப்படித்தான். 1962-ல் கல்யாணமாகி மாட்டுங்காவுக்கு வந்தவர். ஃபைவ் கார்டன்ஸ் பக்கம் பார்ஸி காலனியில் ஒரு வயதான அம்மாளிடம் தையல் கற்றுக்கொள்ளப் போனார். 1971-ல் அந்த அம்மாள் ஓர் இலையைக் கைக்குட்டையில் சுற்றிக் கொடுத்தார். "வேரில்லாத எலையை வாங்கிண்டு வந்திருக்காளேன்னு இவர் சிரிச்சார். பொழைச்சுதாக்கும்" என்பார் மாமி. பன்னிரண்டு ஊதாவும் அந்த ஓர் இலையின் வாரிசுகள்.

மாட்டுங்காவில்தான் இது நடக்க முடியும் என்றுகூடத் தோன்றுகிறது. 1896-ல் பிளேக் வந்து ஊரே செத்துப் பிழைத்த பிறகு, 1898-ல் பம்பாய் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் அமைத்தார்கள். நெருக்கடியான தெற்கை விட்டுத் தாதர், மாட்டுங்கா, சயான் பக்கம் அகலத் தெரு, மரம், பூங்கா என்று திட்டம் போட்டார்கள். 1920-களிலும் 30-களிலும் எழுந்த அந்தக் கட்டடங்களில் ஒரு பக்கம் நம்மவர்கள், ஒரு பக்கம் குஜராத்திகள், நடந்து போகும் தூரத்தில் பார்ஸிகள். காற்றும் வெளிச்சமும் வர வேண்டும் என்று பிளேக் பயத்தில் வைத்த பெரிய ஜன்னல்களில்தான் பல வருடம் கழித்து வயலட் பூத்தது. நேர் வெயில் படாத, ஆனால் நல்ல வெளிச்சம் வரும் கிழக்கு ஜன்னலைத்தான் இந்தச் செடி கேட்கிறது. இப்போது எழும்பும் டவர்களில் கண்ணாடி இருக்கிறது, ஜன்னல் விளிம்பு இல்லை.

இலை போட்டால் காற்றாடி ஏன் வராது? அந்தச் செடிக்குள் இரண்டு செடிகள் இருக்கின்றன. மேல் தோல் ஒரு ஜாதகம், உள் சதை வேறு ஜாதகம். இரண்டும் ஒட்டிக்கொண்டு சேர்ந்து வளர்வதால்தான் இதழில் பட்டை. இதை கைமேரா என்கிறார்கள். இலையிலிருந்து குட்டி முளைக்கும்போது அது ஒரு பக்கத்து உயிரணுவிலிருந்து மட்டும் கிளம்புகிறது. அதனால் ஏதோ ஒன்றுதான் வரும், ஜோடி வராது. ஜோடி கலையாமல் வர வேண்டுமென்றால் பக்கக் கன்றுதான் வழி. அல்லது பூக்காம்பிலிருக்கும் சிறு இலைக் கணுவிலிருந்து முளைக்க வைக்க வேண்டும். கன்று தானாக விடாத செடியானால் நடுக் குருத்தை வெட்ட வேண்டும். தலை போனால் அடியிலிருந்து கன்று வெடிக்கும். வெடிக்காமல் அழுகியும் போகலாம்.

அபூர்வ வயலட் ஏன் கிடைப்பதில்லை, கிடைத்தால் ஏன் விலை என்பதற்கு இதுதான் விடை. சாதாரண வகையை ஒரு நர்சரி ஆயிரக்கணக்கில் பெருக்கலாம். காற்றாடியை ஒவ்வொன்றாகத்தான் பெற்றெடுக்க வேண்டும்.

ஆகவே ஒரே ஒரு செடியை நம்பித் தலையை வெட்டுவதற்கு முன், விலைக்கு இன்னொன்று கிடைக்குமா என்று தேடினேன். அந்த அலைச்சலைச் சுருக்கமாகச் சொல்கிறேன், யாருக்காவது உதவும்.

செம்பூரில் தெருவில் செடி விற்கும் மாலிகளிடம் வயலட் என்று கேட்டால் கையில் எந்த ஊதாப் பூ இருக்கிறதோ அதைக் காட்டுவார்கள். குளிர் மாதங்களில் நகரத்துப் பெரிய நர்சரிகளுக்கு உண்மையான செடி வரும். ஊதா, வெள்ளை, ரோஸ், அவ்வளவுதான். பெயர் இருக்காது. பைகுளா ராணி பாக்கில், அதாவது 1861-ல் விக்டோரியா கார்டன்ஸாகத் தொடங்கிய ஜீஜாமாதா உத்யானில், மாநகராட்சி குளிர் முடியும் சமயத்தில் நடத்தும் செடிக் கண்காட்சி ஒரு நல்ல இடம். அங்கே செடி வாங்குவதை விட முக்கியம், செடி வளர்ப்பவர்களைப் பிடிப்பது. புனே எம்பிரஸ் கார்டனில் குடியரசு தினத்தை ஒட்டி நடப்பதும், லால்பாக்கில் ஜனவரியிலும் ஆகஸ்டிலும் நடப்பதும் அப்படியே. ஊட்டி மலர்க் கண்காட்சிக்கு 1896-லிருந்து வரலாறு உண்டு. மே மாதம் ஊருக்குப் போகிறவர்கள் அங்கே போனால் பூவைப் பார்த்து நிற்காமல், வெளியே உள்ள சிறு நர்சரிக்காரர்களிடம் பேச்சுக் கொடுங்கள். மலைக் குளிரில் வயலட் நன்றாக வரும் என்பதால் அவர்களிடம் ஏதாவது இருக்கும். வடக்கே காலிம்பாங் நர்சரிகளுக்கும் நல்ல பெயர்.

இணையத்தில் விற்பவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. வானவில் நிறத்தில், பச்சை நீலத்தில் பூ படம் போட்டு 'விதை' விற்றால் தொடாதீர்கள். முதலாவது, அந்த நிறம் ஃபோட்டோஷாப்பில் மட்டும் பூப்பது. இரண்டாவது, பெயர் பெற்ற வகைகள் எல்லாம் கலப்பினம். விதை போட்டால் தாய் மாதிரி வராது. அபூர்வ வகையை விதையாக விற்கிறேன் என்பவருக்கு ஒன்று விஷயம் தெரியவில்லை, அல்லது நன்றாகவே தெரிந்திருக்கிறது. நானும் ஒருமுறை ஏமாந்தேன். முளைத்தது கீரை.

வெளிநாட்டிலிருந்து வரும்போது பெட்டியில் துணிக்கு நடுவே நாலு இலை வைத்து எடுத்து வந்தால் என்ன என்று ஒரு நண்பர் கேட்டார். கூடாது. 1914-லேயே இதற்குச் சட்டம் இருக்கிறது. 2003-ல் வந்த தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி இறக்குமதி அனுமதியும் அந்த நாட்டின் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். கெடுபிடியாகத் தோன்றும். ஆனால் கண்ணுக்குத் தெரியாத பூச்சி ஒன்று ஓர் இலையோடு வந்து பயிரை அழித்த கதைகள் உலகம் முழுக்க உண்டு. அதே காரணத்தால்தான் மாமியும் காற்றாடியைச் சிங்கப்பூருக்குச் சும்மா கைப்பையில் எடுத்துப் போக முடியாது.

தேடும்போது கிடைத்த இன்னொரு சங்கதி என்னை உட்கார வைத்துவிட்டது. வயலட்டின் சொந்தக்காரர்கள் நம் மலையிலேயே இருக்கிறார்கள். ஜெர்டோனியா இண்டிகா என்று ஒரு செடி. நீலகிரி, ஆனைமலை பக்கத்து ஈரக் காடுகளில் பாறை ஓரத்தில் வளரும். ரோமம் போர்த்த இலை, வெளிர் ஊதாப் பூ. தென்னிந்திய மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. அந்தப் பேரினத்தில் அது ஒன்றே ஒன்றுதான். விவரித்தவர் ராபர்ட் வைட். 1842 முதல் 1853 வரை கோயமுத்தூரில் அமெரிக்கப் பருத்தியைப் பயிரிட்டுப் பார்க்கும் அரசாங்க வேலையில் இருந்துகொண்டே தென்னிந்தியச் செடிகளை எல்லாம் படத்தோடு புத்தகமாக்கியவர். அவருக்குப் படம் வரைந்து கொடுத்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு இந்திய ஓவியர்கள். பறவை நூல் எழுதிய மருத்துவர் ஜெர்டனின் பெயரைத்தான் செடிக்கு வைத்தார். வயலட் உலகுக்குத் தெரிவதற்குச் சுமார் ஐம்பது வருடங்களுக்கு முன்பே இது அச்சேறிவிட்டது. இருந்தும் ஒரு ஜன்னலிலும் இது இல்லை. இல்லாததே நல்லது, காட்டிலாவது இருக்கட்டும் என்றுதான் நினைக்கிறேன். யாரும் வால்பாறைக்குப் போய்ப் பிடுங்கி வந்துவிடாதீர்கள்.

(வயலட்டின் பெயரும் மாறிவிட்டது. 2015-ல் ஆராய்ச்சியாளர்கள் மரபணுவை ஒப்பிட்டு செயின்ட்பாலியாவை ஸ்ட்ரெப்டோகார்பஸ் என்ற பெரிய பேரினத்தோடு சேர்த்துவிட்டார்கள். அந்த ஜெர்மானியப் பிரபுவின் பெயர் இப்போது ஓர் உட்பிரிவின் பெயராக மட்டும் இருக்கிறது. மாமிக்கு எப்போதும் அது 'வெல்வெட் எலை'தான்.)

தொட்டி வாங்க தாராவி போனேன். கும்பார்வாடா குயவர்கள் சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குடும்பங்கள். தெற்கு பம்பாயில் இருந்தவர்களை ஊர் விரியும்போது தள்ளித் தள்ளி, 1930-களில் தாராவிக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். கொஞ்ச தூரத்தில் தோல் பதனிட வந்த நம் திருநெல்வேலிக்காரர்களின் தெருக்கள். மூன்று அங்குலத் தொட்டி வேண்டும் என்றதும் அந்தக் குயவர் சிரித்தார், தீபாவளி விளக்கு அளவில் தொட்டியா என்று. ஆறு கிடைத்தது. மண் தொட்டியில் ஒரு கவனம் வேண்டும். விளிம்பில் உப்புப் பூக்கும், அதில் இலைக்காம்பு பட்டால் வெந்துபோகும். விளிம்பில் மெழுகு தடவிவிட வேண்டும். இது மாமி சொன்னது. அமெரிக்கப் புத்தகத்திலும் இதையே எழுதியிருந்தார்கள்.

தண்ணீர் விஷயமும் மாமி சொன்னதுதான். மேலே ஊற்றக் கூடாது. தட்டில் ஊற்றி அரை மணி நேரம் குடிக்க விட்டு மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். ஜூன் பிறந்துவிட்டால் அதையும் பாதியாக்கு. மும்பை மழையில் வயலட் தாகத்தால் சாவதில்லை, குருத்து அழுகித்தான் சாகும். சிவப்பு மண் கூடவே கூடாது. நார்த்தூளும் பெர்லைட்டும் கொஞ்சம் மக்கிய இலையும் போதும். வெளிச்சம் போதாத வீட்டில் ஒரு டியூப்லைட்டை ஓர் அடி உயரத்தில் தொங்கவிட்டு தினம் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் எரிக்கலாம்.

காற்றாடிக்கு மாற்று எங்கும் கிடைக்கவில்லை. மாமி விமானம் ஏறுவதற்குப் பத்து நாள் முன்னால் அவர் வீட்டிலேயே அந்த வேலையைச் செய்தோம். பிளேடைக் கொதிநீரில் போட்டு எடுத்தேன். என் கை நடுங்குவதைப் பார்த்துவிட்டு மாமியே வாங்கிக்கொண்டார். கண் அவ்வளவாகத் தெரியாது. விரலால் தடவிப் பார்த்துக் கடைசி வரிசை இலைகளுக்கு மேலே ஒரே வெட்டு. தலையைத் தனியாக ஒரு தாராவித் தொட்டியில் நட்டார். அடிக்கட்டையை அப்படியே விட்டார். "ரெண்டுல ஒண்ணு நிக்கும். ரெண்டும் போச்சுன்னா போன்ல சொல்லாதே" என்றார்.

தலை மூன்றாவது வாரம் அழுகிவிட்டது. சொல்லவில்லை.

அடிக்கட்டை ஐந்து வாரம் சும்மா கிடந்தது. ஆறாவது வாரம் ஒரு காலையில் டார்ச் அடித்துப் பார்த்தபோது வெட்டுக்குக் கீழே, காம்பு இடுக்கில், கடுகு அளவில் இரண்டு பச்சைப் புள்ளிகள். இப்போது அவற்றில் ஒன்றுக்கு நாலு இலை. பூவில் பட்டை வருமா, வெறும் ஊதாதானா என்பது பூத்தால்தான் தெரியும். அதற்கு இன்னும் ஏழெட்டு மாதம் ஆகலாம். போன ஞாயிறு வீடியோ காலில் தொட்டியைக் கேமரா பக்கத்தில் பிடித்துக் காட்டினேன். மாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கேட்டார்:

"தட்டுல தண்ணி நிக்கறதே, ஏன் கொட்டலை?"